வாக்கின் கனம் யார் கையில்? ஸ்டீமிட்டில் எழுதியவர்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பிளாக்செயினில், அதாவது யாரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுக் கணக்கேட்டில் (இனி சங்கிலி), ஓடும் சமூகத் தளத்தில் எழுதிச் சம்பாதிக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் ஸ்டீமைத்தான் காட்டுவேன். ஸ்டீம் என்பது சங்கிலி, ஸ்டீமிட் அதன் மேல் ஓடிய எழுத்துத் தளம், அதை நடத்திய நிறுவனத்துக்கும் அதே பெயர். புதிய தளங்களில் இனிமேல் நடக்கக்கூடியது பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. விலை ஏறியது, விழுந்தது, விதிகள் மாறின, கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது, கம்பெனியே கைமாறியது, கடைசியில் சங்கிலியே இரண்டாகப் பிரிந்தது. இவ்வளவுக்கும் நடுவில் சிலர் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எதைப் பார்த்துத் தங்களை மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே விஷயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டோக்கன், அதாவது சங்கிலியின் காசு, என்ன விலை என்று பார்த்து முடிவெடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் முடிவெடுத்தார்கள். வாக்கின் கனம் யார் கையில் குவிந்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, அடுத்து வரப்போவது ஓரளவு முன்பே புரிந்தது.

பணம் எங்கிருந்து வந்தது

ஸ்டீம் சங்கிலி 2016 மார்ச்சில் தொடங்கியது. தொடங்கியவர்கள் நெட் ஸ்காட்டும் டேன் லாரிமரும். லாரிமர் அதற்கு முன்பு பிட்ஷேர்ஸ் என்ற இன்னொரு சங்கிலியைச் செய்தவர். எழுதியவர்களுக்கு முதன்முதலாகப் பணம் போனது 2016 ஜூலை 4 அன்று. அதே மாதத்தில் ஸ்டீம் விலை 4 டாலரைத் தாண்டியது. அறிமுகப் பதிவு போட்டவர்களுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் என்று திரையில் காட்டியது. ஊரே ஓடி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்தப் பணத்தை விளம்பரதாரர் கொடுக்கவில்லை, வாசகரும் கொடுக்கவில்லை. சங்கிலி தினமும் புது டோக்கன்களை அச்சடிக்கும். அதில் ஒரு பெரும்பகுதி பரிசுக் குளத்தில் விழும். யாருக்கு எவ்வளவு என்பதை வாக்குகள் தீர்மானிக்கும். வாக்கு என்றால் ஆளுக்கு ஒன்று இல்லை. எவ்வளவு ஸ்டீமை ஸ்டீம் பவராகப் பூட்டி வைத்திருக்கிறாயோ அவ்வளவு கனம். பெரிய இருப்பு உள்ளவர்களைத் திமிங்கிலம் என்றார்கள், சிறியவர்களை மினோ என்றார்கள், அதாவது பொடிமீன். பந்தியில் சாம்பார் அளவு தினமும் அதேதான், இலை கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும், பரிமாறுகிறவர் நம் பக்கத்து ஆளாக இருந்தால் கொஞ்சம் கூட விழும். இது புரிந்த எழுத்தாளருக்கு முதல் நாளே ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: பரிமாறுகிறவர் யார்?

பதில் அவ்வளவு நன்றாக இல்லை. தொடக்க வாரங்களில் டோக்கன்களில் மிகப்பெரிய பகுதியை ஸ்டீமிட் நிறுவனமே மைனிங் செய்து, அதாவது கணினிகளை ஓட்டிப் புது டோக்கன் உண்டாக்கி, எடுத்துக்கொண்டது. அதை வைத்துத் தளத்தை வளர்ப்போம், நிர்வாக வாக்கெடுப்பில் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்தச் சொல் சங்கிலியில் எந்த விதியாகவும் எழுதப்படவில்லை. வெறும் வாய்மொழி. நான்கு வருடம் கழித்து எல்லாம் உடைந்தது இந்த இடத்தில்தான்.

சரி, முதல் காலத்துக்கு வருவோம். அப்போது பரிசுக் கணக்கு வர்க்க முறையில் இருந்தது, அதாவது ஒரு பதிவுக்கு விழுந்த வாக்குக் கனம் இரண்டு மடங்கானால் பரிசு நான்கு மடங்கு. ஒரு திமிங்கிலம் கைவைத்தால் நூற்றுக்கணக்கில் டாலர், கைவைக்காவிட்டால் சில்லறை. எனவே புத்திசாலிகள் திமிங்கிலங்களுக்குப் பிடித்ததை எழுதினார்கள். திமிங்கிலங்களுக்கு அப்போது என்ன பிடித்தது? ஸ்டீமைப் பற்றியே எழுதுவது. இந்தத் தளம் உலகை எப்படி மாற்றும், நான் ஏன் முகநூலை விட்டு வந்தேன், இந்த மாதிரி. சமையல், பயணம், சிறுகதை எல்லாம் இருந்தன, ஆனால் தளத்தைப் பற்றித் தளத்திலேயே எழுதுவதுதான் நிச்சயமான வழி. இது ஒரு நோய் என்றே நினைக்கிறேன். பிறகு வந்த எல்லா டோக்கன் தளங்களிலும் இதைப் பார்த்துவிட்டேன்.

2016 டிசம்பரில் பதினாறாவது ஹார்ட் ஃபோர்க், அதாவது சங்கிலியின் விதிகளையே மாற்றும் மேம்பாடு, வந்தது. அதுவரை ஸ்டீம் பவரை வெளியே எடுக்க 104 வாரம் ஆகும், அது 13 வாரமாகக் குறைந்தது. வருடத்துக்கு ஏறக்குறைய 100% இருந்த பணவீக்கம் 9.5% ஆக்கப்பட்டது, அதுவும் மெல்லக் குறைந்துகொண்டே வரும்படி. 2017 மார்ச்சில் விலை 10 சென்ட்டுக்குக் கீழே போயிருந்தது, லாரிமர் கிளம்பிவிட்டார். அந்தச் சமயத்தில் விட்டுப் போனவர்கள்தான் அதிகம். இருந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: வந்த பரிசையெல்லாம் பவர் அப் செய்து பூட்டினார்கள். சம்பாத்தியமாகப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம். வாக்குக் கனமாகப் பார்த்தால், யாரும் சீந்தாத விலையில் பரிமாறும் கரண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

பிட்பாட் காலம்

2017 ஜூனில் பத்தொன்பதாவது ஃபோர்க் வந்தபோது வர்க்கக் கணக்கு போய் நேர்க்கணக்கு வந்தது. வாக்குக் கனம் இரண்டு மடங்கானால் பரிசும் இரண்டு மடங்குதான். கூடவே, ஒரு நாளைக்கு முழுக் கனத்தோடு போடக்கூடிய வாக்குகள் 40-லிருந்து 10 ஆகக் குறைந்தன. ஒவ்வொரு முழு வாக்குக்கும் 2% சக்தி செலவாகும், ஒரு நாளில் 20% திரும்ப ஊறும். சிறிய கணக்கின் வாக்குக்கும் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிற மதிப்பு வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதில் ஒளிந்திருந்தது என்னவென்றால், வாக்கின் மதிப்பு நேர்க்கோட்டில் வந்துவிட்டால் அதற்குச் சந்தை விலை போட்டு விற்பதும் சுலபமாகிவிடுகிறது.

விற்றார்கள். விற்றது பிட்பாட், அதாவது காசு வாங்கிக்கொண்டு வாக்குப் போடும் தானியங்கிக் கணக்கு. பதிவின் லிங்க்கைக் குறிப்பில் போட்டு பாட் கணக்குக்குச் சங்கிலியின் இன்னொரு டோக்கனான ஸ்டீம் டாலர் கொஞ்சம் அனுப்பினால் போதும். 2.4 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒரு முழு வாக்கின் சக்தி திரும்ப ஊற ஆகும் நேரம் அது. அந்தச் சுற்றில் பணம் அனுப்பிய எல்லோருக்கும் அவரவர் பங்குப்படி வாக்கு பிரிந்து விழும். பெரிய இருப்பு வைத்திருந்தவர்கள் தங்கள் பவரை பாட்டுக்கு டெலிகேட் செய்துவிட்டு, அதாவது வாக்குக் கனத்தை மட்டும் இரவல் கொடுத்துவிட்டு, தினமும் ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். படிக்க வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை. ட்ரெண்டிங் பக்கம் முழுக்கக் காசு கொடுத்து ஏறிய பதிவுகள்.

இந்தக் காலத்தில் பணம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பதிவின் கீழே 10 டாலர் என்று காட்டுகிறது என்று வையுங்கள். அப்போது எழுதியவருக்கு 75%, வாக்களித்தவர்களுக்கு 25%. ஆக எழுதியவருக்கு 7.50. அதில் பாதி ஸ்டீம் பவராகப் பூட்டப்படும், மீதி 3.75 ஸ்டீம் டாலராகக் கையில் வரும். ஸ்டீம் டாலர் ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய டோக்கன். 2017 டிசம்பரில் அது 10 டாலரைத் தாண்டிப் பறந்தது. ஆக 10 டாலர் என்று காட்டிய பதிவுக்கு, கையில் வந்த பகுதியை மட்டும் விற்றாலே 37 டாலருக்கு மேல். 2018 ஜனவரியில் ஸ்டீமும் 8 டாலரைத் தொட்டது. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாம் என்று பலர் கணக்குப் போட்டது இந்த இரண்டு மாதங்களை வைத்துத்தான். நிலையான மதிப்புள்ளது என்று சொல்லப்படும் ஒரு டோக்கன் பத்து மடங்கில் நிற்கிறது என்றால் அது சம்பளம் இல்லை, விபத்து. யாரும் அதை அப்போது கேட்கும் நிலையில் இல்லை.

எழுத்தாளர் இரண்டு விதமாகத் தகவமைந்தார். ஒரு கூட்டம் பாட் கணக்கில் நிபுணரானது: எந்த நேரத்தில் எந்தச் சுற்றில் போட்டால் போட்ட காசு லாபத்தோடு திரும்பும் என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி மூன்று பத்தியும் ஒரு இலவசப் படமும் போட்டுத் தள்ளியது. வருமானம் என்று பார்த்தால் கொஞ்ச காலத்துக்கு இவர்கள்தான் ஜெயித்தார்கள், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு கூட்டம் சின்னச் சின்ன வட்டங்களுக்குப் போனது. திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களித்தால் வாக்களிக்கும் யூடோபியன், வீடியோவுக்கு டிட்யூப், உடற்பயிற்சிக்கு ஆக்டிஃபிட், கை வைத்து ஆராய்ந்து வாக்களிக்கும் க்யூரேஷன் குழுக்கள். இங்கே வருமானம் குறைவு, ஆனால் படிக்க ஆள் இருந்தது. கருத்து எழுதினால் பதில் வந்தது.

மொழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொரிய மொழிக் கூட்டம் ஸ்டீமில் தழைத்ததற்குக் காரணம் கொரியர்கள் நன்றாக எழுதியது மட்டும் இல்லை, கொரியர்கள் கையில் நிறைய ஸ்டீம் பவர் இருந்தது. தங்கள் மொழியில் எழுதியவருக்குத் தங்கள் வாக்கைப் போட்டார்கள். அதே கணக்கில் தமிழில் எழுதினால் ரசிக்க ஆள் கிடைக்கலாம், கனமான வாக்கு கிடைக்காது. அதனால்தான் ஒரே பதிவில் மேலே ஆங்கிலம், கீழே தாய்மொழி என்ற வடிவம் சிறிய மொழிக்காரர்களிடம் பரவியது. இரண்டு மொழியிலும் முழுமையாக இல்லாத, அவசரத்தில் எழுதிய பதிவுகள்தான் அதில் அதிகம்.

2018: ஒரே வருடத்தில் நாலு அடி

இந்தியாவில் இருந்தவர்களுக்கு முதல் அடி சங்கிலியிலிருந்து வரவில்லை. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ தொழிலில் இருப்பவர்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. டோக்கன் வாலட்டில் இருக்கும், அதை ரூபாயாக்கி வங்கிக் கணக்கில் போடும் வழி அடைபட்டது. ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பதுதான் மிச்சம், அதில் யாரிடம் மாட்டுவோம் என்ற பயம் வேறு.

செப்டம்பரில் வீடியோ தளமான டிலைவ் ஸ்டீமை விட்டு லினோ என்ற வேறு சங்கிலிக்குப் போனது. அங்கே நேரலை செய்து ஆள் சேர்த்தவர்களுக்கு, தளத்தோடு போவதா சங்கிலியோடு இருப்பதா என்ற கேள்வி. ஆப் வேறு, சங்கிலி வேறு என்பது பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. (அந்த டிலைவ் சுற்றிச் சுற்றி 2019 கடைசியில் ட்ரான் என்ற இன்னொரு சங்கிலியின் குடும்பத்துக்குள் போனது. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.)

அதே மாதம் 25-ஆம் தேதி இருபதாவது ஃபோர்க். எழுத, கருத்துப் போட, வாக்களிக்க எல்லாவற்றுக்கும் ரிசோர்ஸ் கிரெடிட் என்ற புது அளவு வந்தது, அதுவும் இருப்பைப் பொறுத்தது. முதல் சில நாட்கள் கணக்கே சரியாக வரவில்லை, சிறிய கணக்குக்காரர்கள் ஒரு கருத்துகூடப் போட முடியாமல் நின்றார்கள். புதியவர்களை இழுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த தளத்தில் புதியவர்களின் வாயை முதலில் கட்டியது போல ஆனது.

நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் 70% ஊழியர்களை நீக்கியது. காரணம் சந்தைச் சரிவு. நிறுவனம் தன் கையிருப்பு ஸ்டீமை விற்றுத்தான் சம்பளமும் சர்வர் செலவும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக, எழுத்தாளரின் வருமானத்தை வைத்திருந்த அதே டோக்கனைத் தளத்தை நடத்துகிறவரும் மாதா மாதம் விற்றுக்கொண்டிருந்தார். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வாலட்டைத் திறந்து பார்த்தார்கள் என்று தெரியாது, ஆனால் அது எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. பிளாக்செயினில் எழுதுகிறவருக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி இதுதான், முதலாளியின் பணப்பையை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

பாதிக்குப் பாதி

2019 ஆகஸ்ட் 27, இருபத்தொன்றாவது ஃபோர்க். எழுத்தாளருக்கு நேரடியாக அடி விழுந்தது இதில்தான். 75-25 பங்கு 50-50 ஆனது. பரிசுக் குளத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்து, மொத்தப் பணவீக்கத்தில் 10% வளர்ச்சித் திட்டங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். நேர்க்கணக்கு வளைந்து, குறைந்த வாக்கு வாங்கும் பதிவுகளுக்குப் பங்கு இன்னும் குறைந்தது. தினமும் கொஞ்சம் டவுன்வோட், அதாவது பதிவின் பரிசைக் குறைக்கும் எதிர்வாக்கு, இலவசமாகப் போடும் வசதியும் வந்தது.

எழுதுகிறவர்கள் கொதித்தார்கள். நியாயம்தான், 7.50 வாங்கியவருக்கு 5 என்றால் யாருக்குக் கோபம் வராது. ஆனால் இதன் நோக்கம் வேறு இடத்தில் இருந்தது. பாட்டுக்குப் பவரைக் கொடுத்து வாடகை வாங்குவதைவிட, தானே படித்து வாக்களித்தால் அதே அளவு வருமானம் என்று திமிங்கிலத்துக்குக் காட்ட வேண்டும். காசு கொடுத்து ஏற்றிய குப்பையை டவுன்வோட் போட்டு இறக்கச் செலவாகக் கூடாது. இரண்டும் ஓரளவு பலித்தன. பல பிட்பாட்கள் கடையை மூடின, சில கையால் தேடி வாக்களிக்கும் கணக்குகளாக மாறின. ட்ரெண்டிங் பக்கத்தில் படிக்கத் தகுந்த எழுத்து திரும்பியது. என் மதிப்பீட்டில் இது ஸ்டீம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று, ஆனால் அதன் விலையைக் கொடுத்தது சின்ன எழுத்தாளர்.

யார் தாக்குப்பிடித்தார்கள்? முன்பே தன் வருமானத்தைப் பவர் அப் செய்து, தானும் ஒரு வாக்காளராக ஆகியிருந்தவர். எழுதுவதில் போனது க்யூரேஷனில், அதாவது வாக்களித்தவருக்கு வரும் பங்கில், திரும்பி வந்தது. எழுதுவது மட்டுமே தொழில் என்று வாங்கியதையெல்லாம் விற்றவருக்கு அன்றைக்கு ஒரே பக்கம்தான் இருந்தது, அதில்தான் வெட்டு விழுந்தது. விற்காதே என்று வாடகை கட்ட வேண்டியவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது, அது வேறு விஷயம்.

2020: சங்கிலி பிரிந்தது

பிப்ரவரி 14 அன்று, ட்ரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதோடு அந்தப் பழைய கையிருப்பும், மொத்த டோக்கனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அவர் கைக்குப் போனது. வாய்மொழியாகக் கொடுத்த சொல் கையெழுத்தோடு கைமாறாது. சங்கிலியை இயக்கும் விட்னெஸ்கள் இருபது பேரும் இருப்பின் கனத்தில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், எனவே அந்த இருப்பு வாக்களிக்க ஆரம்பித்தால் சங்கிலி ஒருவர் கையில். விட்னெஸ்கள் மென்பொருளை மாற்றி அந்த இருப்பை உறைய வைத்தார்கள். மார்ச் 2 அன்று பதிலடி: பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய, டோக்கன் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த ஸ்டீம் பவர் அப் செய்யப்பட்டு, அதன் கனத்தில் இருபது விட்னெஸ் இடங்களும் மாற்றப்பட்டன. பைனான்ஸும் ஹுவோபியும் பிறகு வாக்கைத் திரும்பப் பெற்றன. பவர் அப் ஆன டோக்கனை வெளியே எடுக்க 13 வாரம் ஆகும் என்பதால் போட்டவர்களுக்கு எடுக்க முடியாத நிலை. (மார்ச் 4-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இங்கே வங்கி வழி திறந்த அதே வாரம் அங்கே வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தது.)

மார்ச் 20 அன்று ஹைவ் பிறந்தது. பழைய சங்கிலியின் முழு நகல், ஸ்டீமிட் நிறுவனத்தின் இருப்பு மட்டும் இல்லை. ஸ்டீம் வைத்திருந்தவர்களுக்கு அதே அளவு ஹைவ். எதிர்த்தரப்பு விட்னெஸ்களுக்கு வாக்களித்த சில கணக்குகளுக்கு மட்டும் தரவில்லை. மே 20-ல் ஸ்டீம் பக்கம் ஒரு ஃபோர்க் போட்டு, ஹைவ் பக்கம் நின்றவர்கள் உட்பட 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமைப் பறித்தார்கள். சங்கிலியில் இருப்பது உன்னுடையது, யாரும் தொட முடியாது என்று நாலு வருடம் எழுதியவர்கள் எல்லாம் அன்றைக்கு அமைதியாக இருந்தார்கள்.

எழுதுகிறவருக்கு இதன் நடைமுறை விளைவு விசித்திரமானது. மார்ச் 20-க்கு முந்தைய அத்தனை பதிவும் இப்போது இரண்டு இடத்தில். அதே பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற அதே சாவிகள். ஒன்றில் சாவி கசிந்தால் மற்றதும் போச்சு. ஸ்டீமிட் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு, கணக்கு திருடுபோனால் மீட்டுத் தரும் கணக்காக அந்த நிறுவனத்தின் கணக்கே பதிவாகியிருந்தது, ஹைவிலும் அப்படியே நகலாகி வந்தது. மாற்றினால் நடைமுறைக்கு வர 30 நாள். அதேபோல எழுத்துதான் சங்கிலியில் இருந்தது, படங்கள் தனி சர்வரில். நிறுவனம் கைமாறிய வாரத்தில் தன் பதிவுகளின் படங்கள் யாருடைய சர்வரில் இருக்கின்றன என்று தேடிப் பார்த்தவர்கள்தான் உண்மையில் தகவமைந்தவர்கள்.

அப்புறம் இரண்டு பக்கமும் தனித்தனி குணம் வந்தது. ஸ்டீம் பக்கத்தில் நிறுவனமே க்யூரேட்டர் குழுக்களை வைத்து வாக்களித்தது. வேறெங்கும் போடாத பதிவுக்கு ஸ்டீம்எக்ஸ்க்ளூசிவ் என்று டேக் போட வேண்டியிருந்தது. 2021-ல் கிளப்5050 வந்தது: வெளியே எடுக்கும் அளவுக்காவது பவர் அப்பும் செய்தவருக்கே ஆதரவு வாக்கு. அதாவது எழுத்தோடு சேர்த்து எழுதுகிறவரின் வாலட்டையும் திருத்தினார்கள். போட்டிகள், தலைப்பு கொடுத்து எழுதச் சொல்லும் வாராந்திர ஏற்பாடுகள் நிறைய, புதியவருக்கு அது ஒரு பிடிமானம்தான். ஹைவ் பக்கத்தில் முதலாளி இல்லை, பீக்டி, எக்கென்சி, 3ஸ்பீக் என்று பல முகப்புகள், பின்னால் ஒரே சங்கிலி. 2021 ஜூனில் இருபத்தைந்தாவது ஃபோர்க்கில் வளைந்த கணக்கை மறுபடி நேராக்கினார்கள், பதிவு வந்ததும் சீக்கிரம் வாக்களித்தால் வாக்களித்தவரின் பங்கு குறையும் என்ற தண்டனையையும் எடுத்தார்கள், முதல் 24 மணி நேரத்துக்குள் எப்போது வாக்களித்தாலும் ஒரே பலன். நிதானமாகப் படித்துவிட்டு வாக்களிக்க அது இடம் கொடுத்தது. நீளமாக எழுதுகிறவர்களுக்கு இந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு உதவியது என்பதைப் பற்றி அதிகம் பேர் பேசியதில்லை. நான் தேர்ந்தெடுப்பதானால் ஹைவ் பக்கம்தான், முக்கியமாக இந்த ஒரு காரணத்துக்காக.

அங்கேயும் குளம் அதே அளவுதான், கனமான வாக்குகள் சிலர் கையில்தான். ஒரு பெரிய கணக்குக்கு உங்கள் பரிசு அதிகம் என்று தோன்றினால் ஒரு டவுன்வோட்டில் அதை இறக்கிவிடலாம், மேல்முறையீட்டுக்கு ஆள் இல்லை. அதனால் 2022-க்குப் பிறகு அங்கே இருக்கும் எழுத்தாளர்களில் விவரமானவர்கள் பரிசின் ஹைவ் டாலர் பகுதியை (ஸ்டீம் டாலர் போல ஹைவில் உள்ளது) சேமிப்புக் கணக்கில் போட்டார்கள். அந்த வருடம் அதற்கு 20% வட்டி, எடுக்க மூன்று நாள். வட்டி விகிதத்தையும் விட்னெஸ்கள்தான் தீர்மானிக்கிறார்கள், அதனால் இதுவும் வாக்குக் கனத்துக்குள் அடங்கிய விஷயம்தான்.

இந்தியாவிலிருந்து எழுதுகிறவருக்கு அதே 2022-ல் இன்னொரு கணக்கு சேர்ந்தது. ஏப்ரல் 1 முதல் டோக்கன் விற்ற லாபத்துக்கு 30% வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்க முடியாது, ஜூலை 1 முதல் விற்பனையில் 1% பிடித்தம். ஹைவ் டாலரை ஹைவாக மாற்றி, ஹைவைப் பிட்காயினாக்கி, அதை ரூபாயாக்கினால் ஒவ்வொரு படியும் ஒரு கைமாற்றம். வாரம் நாலு பதிவு போட்டு ஏழாம் நாள் ஏழாம் நாள் சில்லறையாகப் பரிசு வாங்குகிறவர், ஒவ்வொரு பரிசும் வந்த அன்றைய விலையை ஒரு தாளில் குறித்து வைக்காவிட்டால் வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் கொடுக்க எதுவும் இருக்காது. தொகையும் தேதியும் சங்கிலியில் கிடைக்கும், அன்றைய ரூபாய் மதிப்பை மட்டும் அவரேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.